பின்பக்கம் பார்க்கவும்

மதியச் சாப்பாடு நன்றாக இருந்துவிட்டால் காலையில் பேசியவருக்கும் சேர்த்து நல்ல மார்க் விழும். பத்தொன்பது வருடமாக மாநாடுகளின் கருத்துப் படிவங்களைத் தொகுக்கிறவள் சொல்கிறேன், நம்பலாம். ஒரு வருடம் ஐஸ்கிரீம் பாதிப் பேருக்குத்தான் வந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது பற்றி அவ்வளவு அருமையாகப் பேசிய பேராசிரியருக்கு அன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. பாவம், அவருக்கும் ஐஸ்கிரீம் கிடைக்கவில்லை.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், படிவம் என்றதும் நீங்கள் அதை வீட்டுப் பத்திரம் மாதிரி நினைக்கிறீர்கள். நேற்று என் மேஜையின் கீழ் டிராயரிலிருந்து அந்த ஒரு தாளை எடுத்து, பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனீர்கள். அப்புறம் என்னை இங்கே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். இதன் பின்பக்கத்தைப் படித்தீர்களா இல்லையா, ஒரு வார்த்தையில் சொன்னால் போதும் என்றீர்கள். ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற மாதிரி நான் எந்த வேலையும் செய்ததில்லை சார். எழுதித் தருகிறேன் என்றேன். தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். பேனா விட்டுவிட்டு எழுதுகிறது, அதனால் என் பேனாவிலேயே எழுதுகிறேன்.

அந்தப் பெண்கள் விடுதியின் மெக்கானிக் உள்ளே லாக்கப்பில் இருக்கிறார் என்று தெரியும். மூன்று பெண்கள் இறந்ததற்கு அவர்மேல் வழக்கு. நான் எழுதுவதைப் பொறுத்துத்தான் அவர் வீட்டுக்குப் போவதும் போகாததும் என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஏழு பேர். மாநாடு நடத்திக் கொடுப்பது தொழில். பல் டாக்டர்கள், கோழிப் பண்ணைக்காரர்கள், நூலகர்கள் என்று யார் ஒன்றுகூட வேண்டுமென்றாலும் கூட்டிவைப்போம். அதில் எரிசக்திச் சிக்கன மாநாடுதான் பெரியது. ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், மில், ஓட்டல் என்று பெரிய கட்டடங்களைப் பராமரிக்கிறவர்கள் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து, மின்கட்டணத்தை எப்படிக் குறைப்பது என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அரங்கில் ஏ.சி. பதினெட்டில் ஓடும். அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

ஆபீசில் என் பெயர் சராசரி அக்கா. முதலாளி என்னைவிடப் பதினோரு வயது சின்னவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். மார்க்குகளைக் கூட்டி, சராசரி எடுத்து, கருத்துகளை ஒழுங்கான மொழியில் எழுதி அறிக்கையாக்குவது என் பொறுப்பு. ஒழுங்கான மொழி என்றால், "குளிர்ல விறைச்சுச் செத்தோம்" என்று ஒருவர் எழுதியிருப்பார். அறிக்கையில் அது "அரங்கின் வெப்பநிலை குறித்துச் சிலர் ஆலோசனை வழங்கினர்" என்று வரும். உங்க கை பட்டா வசவுகூட வாழ்த்தாயிடும் அக்கா என்று முதலாளி சொல்வார். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். பிடிக்காது என்று சொன்னால் பொய்.

முன்பெல்லாம் பாதிப் பேர் படிவத்தைக் கொடுக்காமலே கிளம்பிவிடுவார்கள். நாற்காலிக்கு அடியில் கிடக்கும், சிலர் அதில் சமோசா எண்ணெயைத் துடைத்திருப்பார்கள். நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். படிவத்தைக் கொடுத்தால்தான் பங்கேற்புச் சான்றிதழ். படிவத்தின் தலையில் பெயரும் வேலை செய்யும் இடமும் எழுத வேண்டும், அதைப் பார்த்துத்தான் சான்றிதழை எடுத்துக் கொடுப்போம். ஆகையால் எத்தனை சான்றிதழ் போனதோ அத்தனை படிவம் கையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அறிக்கை செல்லாது. இந்த விதி என்னுடையது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

இந்த வருடம் செலவை ஏற்றுக்கொண்டது பெட்டிக் கம்பெனி. அந்தப் பெட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் வாயில் நுழையாது. எல்லோரும் மிச்சப்பெட்டி என்றுதான் சொன்னோம். சோப்பு டப்பா அளவு இருக்கும், நடுவில் ஒரு கண்ணாடிக் கண். சுவரில் மாட்டி லைட்டையும் ஃபேனையும் அதோடு இணைத்துவிட்டால், ஆள் நடமாட்டம் இல்லாதபோது தானாக நிறுத்திவிடும். மாநாட்டுக்கு வந்த எல்லோருக்கும் பையில் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் ஏழு பேருக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. பங்கேற்பாளர் சராசரி நாலரைக்குக் குறையாமல் இருந்தால்தான் அடுத்த வருடமும் அவர்கள் எங்களோடு. குறைந்தால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். அவர்கள் போனால் மாநாடு இல்லை, மாநாடு இல்லையென்றால் ஏழு பேரில் இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று முதலாளி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்கு ஐம்பத்துநான்கு வயது. கூட்டிக் கழிக்க இப்போது கம்ப்யூட்டர் போதும். அந்த இரண்டு பேரில் ஒருத்தி யார் என்று நான் கேட்கவில்லை.

மாநாடு வியாழனும் வெள்ளியும் நடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ், இருநூற்றுப் பன்னிரண்டு படிவம். படிவக் கட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். படிவத்தின் கடைசியில் 'மொத்தத்தில்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதைத்தான் கூட்டுவோம். கூட்டினால் தொள்ளாயிரத்து ஐம்பது வந்தது. வகுத்தால் நாலு புள்ளி நாலு எட்டு. இரண்டு தடவை கூட்டினேன். நாலரைக்குப் புள்ளி பூஜ்யம் இரண்டு குறைவு.

கட்டைத் திரும்பப் புரட்டி, யார் குறைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மூன்று, நாலு, நாலு என்று பல இருந்தன. அவை ஐஸ்கிரீம் ஆட்கள். ஒன்று போட்டவர் ஒருவர்தான். வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியின் மெக்கானிக். சாப்பாட்டுக்கு ஐந்து, அரங்கத்துக்கு ஐந்து, பேச்சாளர்களுக்கு நாலு, வரவேற்புக்கு ஐந்து. மொத்தத்தில், ஒன்று. கருத்து எழுத நாங்கள் விடுவது மூன்று கோடு. அவர் முதல் கோட்டில் 'பின்பக்கம் பார்க்கவும்' என்று மட்டும் எழுதி, அடியில் இரண்டு தடவை அழுத்திக் கோடு போட்டிருந்தார்.

பின்பக்கம் பார்ப்பது என் வேலையில் சேர்ந்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கை முன்பக்கத்துக்குத்தான். பின்பக்கத்தில் சிலர் பால் கணக்கு எழுதியிருப்பார்கள், சிலர் தூக்கம் வராமலிருக்கப் பூனை வரைந்திருப்பார்கள். பத்தொன்பது வருடத்தில் அங்கிருந்து ஒரு வரியையும் நான் எடுத்துப் போட்டதில்லை.

அந்த ஒரு படிவத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தேன். நாலு புள்ளி நாலு ஒன்பது எட்டு. அதை நாலரை என்று முழுதாக்கி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது, ஏமாற்று வேலை. அதோடு, எடுத்துவிட்டால் சான்றிதழ் எண்ணிக்கையோடு ஒன்று உதைக்கும். அவர் சான்றிதழ் வாங்கியிருக்கிறார், அவர் படிவம் இருந்தே ஆக வேண்டும். ஒன்றுக்குப் பதில் ஐந்து இருந்தால் தொள்ளாயிரத்து ஐம்பத்துநாலு. வகுத்துப் பார்த்தேன். நாலரை. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் அவ்வளவு சுத்தமான கணக்கு எனக்கு வந்ததில்லை.

வெற்றுப் படிவங்கள் ஆபீசில்தான் இருந்தன. திங்கட்கிழமை போய் ஒன்றை எடுத்து அவர் பெயரில் எழுதினேன். அவர் எழுத்து வலதுபக்கம் சாயும், 'ற'வுக்குக் கால் நீளமாக இருக்கும். பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக எழுதினேன். கருத்துக்கான மூன்று கோட்டையும் வெறுமனே விட்டேன். அவர் சொல்லாததை அவர் வாயில் போட அப்போது எனக்கு மனம் வரவில்லை.

அது புதன்கிழமை வந்தது. அறிக்கையில் எப்போதும் மூன்று பங்கேற்பாளர்களின் வாசகத்தைப் பெயரோடு போடுவோம். இந்தத் தடவை ஒன்றாவது ஏற்கெனவே பெட்டி மாட்டியிருக்கிற கட்டடத்திலிருந்து வர வேண்டும் என்று கம்பெனி கேட்டது. முதலாளி என் மேஜைக்கு வந்து, அப்படி யாராச்சும் இருக்காங்களாக்கா என்றார். இருந்தது ஒருவர்தான். அந்த விடுதியின் மூன்றாம் மாடியில் ஒரு மாதமாகச் சோதனைக்கு ஒரு பெட்டி மாட்டியிருந்தார்கள். மாநாட்டுக்கு மெக்கானிக்கை அனுப்பியதே கை தட்டத்தான். நான் எழுதிக் கொடுத்தேன். "எங்கள் விடுதியில் ஒரு மாதமாக இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. எல்லா மாடியிலும் வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்." முதலாளி படித்துவிட்டு, எவ்வளவு அழகா எழுதியிருக்கார் மனுஷன் என்றார். அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மூன்று வரியைக் கம்பெனி பெரிய எழுத்தில் நோட்டீசாக அடித்தது. விடுதி நிர்வாகத்துக்கும் ஒன்று போனது. தங்கள் மெக்கானிக்கே இப்படி எழுதியிருக்கும்போது அவர்கள் யோசிப்பார்களா? பத்து நாளில் நாலு மாடியிலும் பெட்டி ஏறிவிட்டது.

மாநாடு முடிந்து இருபத்திரண்டாம் நாள் அவர் ஆபீசுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, விரல் இடுக்கில் எல்லாம் கிரீஸ் கறை. சண்டை போடுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, இரண்டு நிமிடம் பேசவிட்டால் அவர்களே தப்பாக எதையாவது சொல்லி மாட்டிக்கொள்வார்கள். இவர் சண்டை போடவில்லை. நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதை எடுத்து விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவி, என் பக்கம் திருப்பி வைத்தார். நான் டீ சொன்னேன். குடித்தார்.

"இது நான் எழுதலையேக்கா" என்றார்.

எப்போதோ எழுதியது மறந்திருக்கலாம் என்றேன். அவர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, தான் என்ன எழுதினார் என்பதைச் சொன்னார். ஒவ்வொரு மாடியிலும் மூன்று குளியலறை, பக்கத்தில் ஒரு சின்ன அறையில் கேஸ் கீசர். கீசர் எரியும்போது வரும் புகையை எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ள வேண்டும். மிச்சப்பெட்டியின் கண் நடைபாதையைப் பார்க்கிறது. குளிக்கிறவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள். பெட்டிக்கு அவள் தெரிய மாட்டாள். ஆளில்லை என்று ஃபேனை நிறுத்திவிடும், கீசர் எரிந்துகொண்டே இருக்கும், புகை குளியலறைக்குள் போகும். அந்தப் புகைக்கு வாசனை கிடையாது. தலை வலிக்கும், கால் துவளும், அவ்வளவுதான். ஒரே மாதத்தில் மூன்றாம் மாடியில் இரண்டு பெண்கள் குளியலறையில் மயங்கி விழுந்தார்கள். சாப்பிடாமல் டயட் இருக்கிறார்கள் என்று வார்டன் சொல்லிவிட்டார். இவர் பெட்டியை இரண்டு தடவை கழற்றினார், இரண்டு தடவையும் திரும்ப மாட்டவைத்தார்கள். குளிர்காலம் வந்தால் எல்லாரும் ஜன்னலைச் சாத்துவார்கள். கீசர் இருக்கிற இடத்தில் இதை மாட்டாதீர்கள் என்று மாநாட்டுக்கு வந்த எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இதைத்தான் அவர் எழுதியிருந்தார்.

ஆக, பின்பக்கத்தில் இருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எழுதியவரே என் எதிரில் உட்கார்ந்து வாயால் சொன்னதால் தெரியும். அதை வைத்து நான் படித்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் கேட்டது இதுதான். அவர் கையால் எழுதிய படிவம் வேண்டும். அதை நிர்வாகத்திடம் காட்டினால் நாலு மாடியிலும் கழற்றிவிடுவார்கள். இல்லையென்றால், நீயே நல்லா இருக்குன்னு எழுதிட்டு இங்க வந்து மாத்திப் பேசுறியா என்கிறார் வார்டன். நாங்கள் கொடுத்த சான்றிதழை இவர் லேமினேட் பண்ணி பம்ப் ரூமில் மாட்டியிருக்கிறாராம். வாழ்க்கையில் வாங்கிய முதல் சான்றிதழ் என்று சிரித்தார்.

கிழித்தாச்சு என்றேன். எங்கள் ஆபீசில் படிவங்களை நாற்பது நாள் வைத்திருந்து பிறகு மெஷினில் கிழிப்போம். அன்று இருபத்திரண்டாம் நாள். அந்தத் தாள் என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, கீழ் டிராயரில் இருந்தது. நான் சொன்னது பொய்தான். ஆனால் அதைப் பதினெட்டு நாள் முந்திச் சொன்ன உண்மை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நாற்பதாம் நாள், நான் எழுதியதையும் சேர்த்து, மற்ற இருநூற்றுப் பன்னிரண்டையும் மெஷினில் போட்டேன். இதை மட்டும் போடக் கை வரவில்லை. அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்தால் எழுதியிருப்பேன்.

அவர் காலி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் எழுதினதை நீங்க படிச்சிருந்தா இப்படிப் போட்டிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். நூத்துக்கணக்கான ஃபாரம், எல்லாத்தையும் எப்படிப் படிக்க முடியும்? தப்பா எடுத்துக்காதீங்க. படிக்கலை, தெரியாமப் போட்டுட்டோம்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்கக்கா. போதும்."

அவர் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார் பாருங்கள். நல்ல மனிதர். நான் அதைக்கூட எழுதிக் கொடுக்கவில்லை. முதலாளியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். முதலாளியிடம் பேசவில்லை. பிறகு இரண்டு தடவை போன் செய்தார். முதல் தடவை, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். இரண்டாம் தடவை எடுக்கவில்லை.

அந்த ஒரு வரியை ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்று என்னையே பல நாள் கேட்டுப் பார்த்தேன். கிடைக்கிற பதில் ஒன்றுதான். வாயால் ஆயிரம் சொல்லலாம், பொய்யை என் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை.

எழுதிவிட்டேன். அடிக்கலாமா என்று பார்த்தேன். நீங்கள் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதச் சொன்னீர்கள். இருக்கட்டும்.

அதற்கப்புறம் அவர் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறார். மூன்றாம் மாடியில் பெட்டியைத் தொடாமல், ஃபேன் ஒயரை மட்டும் தனியாகப் பிரித்து எப்போதும் ஓடுகிற மாதிரி கட்டிவிட்டார். மற்ற மாடிகளுக்குப் போவதற்குள் வார்டன் பார்த்து, இனி ஒயரில் கை வைத்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளை படிக்கிற வீடு, என்ன செய்வார். அதனால்தான் மூன்றாம் மாடியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் மாடியில் ஆனது. விடியற்காலை டியூட்டிக்குக் கிளம்ப மூன்று பேர் ஒரே நேரத்தில் குளிக்கப் போனார்கள். கடுங்குளிர், ஜன்னல் சாத்தியிருந்தது. ஒருத்தி நர்ஸ் படிப்பு முடித்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஒருத்தி துணிக்கடையில் வேலை. மூன்றாவது பெண் அங்கே தங்குகிறவளே இல்லை, அக்காவைப் பார்க்க இரண்டு நாள் வந்தவள். கதவை உடைத்தபோது மூன்றிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்ததாம்.

மூன்றாம் மாடியில் ஒயரை மாற்றியவன் இரண்டாம் மாடியிலும் மாற்றியிருப்பான், அதில்தான் கோளாறு என்கிறார் வார்டன். பெட்டியில் குறையிருந்தால் அவனே ஐந்து மார்க் போட்டிருப்பானா என்கிறது கம்பெனி. அந்த ஐந்து என்னுடையது. நான் பஸ்ஸில் போகும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் விரித்துப் பிடித்திருந்த பேப்பரில் இந்தச் செய்தியைப் பார்த்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். ஆபீசுக்கு அரை மணி லேட். பத்தொன்பது வருடத்தில் அது இரண்டாம் தடவை.

நேற்று இங்கே வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது ஒரு பெண் மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். நீங்களும் வீட்டுக்காரருக்காக வந்தீங்களா என்று கேட்டார். இல்லை, வேலை விஷயமாக என்றேன். அவர் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் புருஷன் சின்ன வயதிலிருந்தே எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற ஆளாம். வீட்டில் அடுப்பை மூடினாயா மூடினாயா என்று கேட்டு உயிரை வாங்குவாராம். அப்படிப்பட்டவர் போய், பெட்டி நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருப்பாரா என்று என்னிடம் கேட்டார். நான் யார் என்று தெரியாமல்தான் கேட்டார். எழுதியிருக்க மாட்டார் என்று சொன்னேன். அதைக் கேட்டு அந்த அம்மாள் அழுதுவிட்டார். யாரோ ஒருத்தர் நம்புகிறார் என்று அவருக்கு அவ்வளவு ஆறுதல்.

சரி. உங்கள் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு எழுதிய பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து என்ன ஆகப்போகிறது.

என் மகள் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். கைக்குழந்தை, அன்றைக்கு ஏழு மாதம். மாநாட்டில் எனக்குக் கிடைத்த மிச்சப்பெட்டியை வெள்ளிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். மாப்பிள்ளை கைவேலைக்காரர், சும்மா இருக்க மாட்டார். மறுநாளே அதைக் குளியலறை ஃபேனில் இணைத்துவிட்டார். அவர்கள் வீட்டிலும் கேஸ் கீசர்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, சாப்பாட்டு மேஜையில், நான் அந்தத் தாளைத் திருப்பினேன். முழுப் பக்கமும் நெருக்கி எழுதியிருந்தார், கடைசி வரி இடமில்லாமல் ஓரத்தில் ஏறியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். ஒரு வார்த்தையைக்கூட நான் சந்தேகப்படவில்லை.

பெட்டியைக் குளியலறையில் மாட்டியாச்சு என்று அன்றைக்கு ராத்திரி படுக்கப்போகும் நேரத்தில் மகள் போனில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் எழாததுமாக மகள் வீட்டுக்குப் போனேன். ஸ்க்ரூடிரைவரை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டூலைப் போட்டு ஏறியதைப் பார்த்து அவள் குழந்தையோடு ஓடி வந்தாள்.

"என்னம்மா பண்றே? நேத்துத்தான் மாட்டினார்."

"சத்தம் வருதுடி. பாப்பா முழிச்சுக்கும்."

"சத்தமே வரலையேம்மா."

பெட்டியைக் கழற்றி, ஒயரைப் பழையபடி சேர்த்து, ஃபேன் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தேன். இனி பாப்பாவைக் குளிப்பாட்டும்போது இந்த ஜன்னலைச் சாத்தவே கூடாது என்று சொன்னேன். சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவள் சிரித்தாள். பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு சாயந்திரம் வரை அங்கேயே இருந்தேன்.

மறுநாள்தான் திங்கட்கிழமை. ஆபீசுக்குப் போய் வெற்றுப் படிவம் எடுத்து, மெக்கானிக் பெயரை எழுதி, ஐந்து போட்டேன். அவர் என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தது அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து.

என்னைக் கல்மனசுக்காரி என்று நீங்கள் நினைக்கக்கூடும். அப்படி இல்லை சார். ஒரு அம்மாவாக என் கடமையை நான் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. அந்த விடுதிப் பெண்களுக்கும் வீட்டில் அம்மா இருப்பாள்தானே, அவரவர் பிள்ளையை அவரவர் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன்.